சொல்லைப் பிடித்தால் கணக்கு வந்துவிடுமா?

‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு. ‘மீதி’ என்று வந்தால் கழி. ‘மடங்கு’ என்றால் பெருக்கு. ‘சமமாக’ என்றால் வகு. திருநள்ளாற்றிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை, காரைக்கால் மாவட்டத்தின் எந்த டியூஷன் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும் காதில் விழக்கூடிய நான்கு வரி மந்திரம் இது. காரைக்காலுக்கு மட்டும் வந்த நோய் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சுற்றியிருக்கும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களிலும் இதே பாட்டுதான். காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பின்பற்றின. இப்போது மத்தியப் பாடத்திட்டத்துக்கு வந்திருக்கின்றன. புத்தகம் மாறியது. மந்திரம் மாறவில்லை.

மந்திரத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாசகக் கணக்கு என்பது சொல்வேட்டை. சொல்லைப் பிடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும், பிறகு வாய்பாடு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அதற்கு ஒரு துணை நம்பிக்கையும் உண்டு: படம் போட்டுக் கணக்குச் செய்வது மந்தமான பிள்ளையின் வேலை, கெட்டிக்காரப் பிள்ளை நேரே எண்ணுக்குப் போகும். பெற்றோர் இதை நம்புகிறார்கள், ஆசிரியர்களில் பலரும் நம்புகிறார்கள், ‘கையேடு’ அச்சடிப்பவர்கள் இதை நம்பியே பிழைக்கிறார்கள். இரண்டுமே தவறு.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். ‘கிளிஞ்சல்மேட்டுப் படகில் 48 கூடை மத்தி வந்தது. இது பட்டினச்சேரிப் படகில் வந்ததைவிட 12 கூடை அதிகம். பட்டினச்சேரிப் படகில் எத்தனை கூடை?’ மந்திரம் படித்த பிள்ளை ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் கூட்டி, 60 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடும். சரியான விடை 36. இன்னொன்று: ‘கடைக்காரர் காலையில் 35 மாம்பழம் விற்றார். மாலையில் 25 மீதி இருந்தது. முதலில் எத்தனை இருந்தன?’ ‘மீதி’ வந்துவிட்டதே, கழித்தால் 10. காலையிலேயே 35 பழம் விற்ற கடையில் மொத்தமே 10 பழம்தான் இருந்தது என்று நோட்டு சொல்கிறது. நோட்டுக்கு வெட்கம் கிடையாது.

இதே மத்திக் கணக்குக்கு இரண்டு பட்டை வரையச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்று நீளம், ஒன்று குட்டை, இடையில் வித்தியாசம் 12. நீளமான பட்டை எந்த ஊர்ப் படகுடையது என்று பிள்ளை முடிவெடுத்தே ஆக வேண்டும். வாசகத்தைத் திரும்பப் படிக்காமல் அந்த முடிவை எடுக்க முடியாது. கணக்கு என்பது அந்த முடிவுதான்; 48இலிருந்து 12ஐக் கழிப்பது பின்னால் வரும் கூலி வேலை.

சொல்வேட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று, 1954 நவம்பர் 1 வரை காரைக்காலை ஆண்ட பிரான்சிலிருந்தே கிடைக்கிறது. கிரெனோபிள் நகரின் கணிதக் கல்வி ஆய்வு நிறுவனம் 1980 வாக்கில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி இது: ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?’ கேட்கப்பட்ட 97 பேரில் 76 பேர் வயதைக் கணக்கிட்டே கொடுத்தார்கள். கேள்வியில் இரண்டு எண் இருந்தது, கூட்டினால் 36 வந்தது, கப்பல் தலைவருக்கு 36 வயது பொருத்தமாகவும் இருந்தது. ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் பழக்கத்தைப் பள்ளி அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை. 2018இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் இதே கேள்வி வந்து உலகமே சிரித்தது. கேட்டவர்கள் விளக்கியதும் நியாயமாகவே இருந்தது: பிள்ளைகள் யோசிக்கிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டோம்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1983இல் நாடு தழுவிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கு: 1,128 படைவீரர்களை ஏற்றிச் செல்ல வேண்டும், ஒரு பேருந்தில் 36 பேர், எத்தனை பேருந்து தேவை? பத்தில் ஏழு பேர் சரியாகவே வகுத்தார்கள். 32 பேருந்து என்று எழுதியவர்களோ நான்கில் ஒரு பங்குகூட இல்லை. கணிசமானவர்கள் எழுதிய விடை ‘31 மீதி 12’. மீதி பன்னிரண்டு வீரர்களும் நடந்தா வருவார்கள்? வகுத்தல் தெரியாத பிள்ளைகள் அல்லர் இவர்கள். வகுத்தது எதை என்பதுதான் அவர்கள் கண்ணில் படவில்லை.

சரி, கூட்டல் கழித்தலை விடுவோம். சொல்வேட்டை முற்றிலும் சரிந்து விழும் இடம் விகிதக் கணக்கு. ‘அண்ணனிடமும் தம்பியிடமும் இருந்த பணம் 5:3. அண்ணன் தம்பிக்கு 20 ரூபாய் கொடுத்ததும் இருவரிடமும் சமமாகிவிட்டது. முதலில் அண்ணனிடம் எவ்வளவு?’ இதில் ‘மொத்தம்’ இல்லை, ‘மீதி’ இல்லை. ‘சமம்’ இருக்கிறது, எதை வகுப்பது என்றுதான் தெரியாது. ஐந்துக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் இரண்டு, இரண்டு பங்கு 20 ரூபாய், ஒரு பங்கு 10, ஆகவே அண்ணனிடம் 50 என்று அவசரக்காரப் பிள்ளை எழுதும். கட்டம் போட்ட பிள்ளை அண்ணனுக்கு ஐந்து, தம்பிக்கு மூன்று வரையும். சமமாக வேண்டுமானால் ஆளுக்கு நான்கு. அப்படியென்றால் அண்ணன் பக்கத்திலிருந்து நகர்ந்தது ஒரே ஒரு கட்டம். அது 20 ரூபாய். அண்ணனிடம் 100, தம்பியிடம் 60. எட்டாம் வகுப்பில் எக்ஸ் வைத்து இரண்டு பக்கமும் சமன்பாடு எழுதிச் செய்ய வேண்டிய கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எட்டுக் கட்டத்தில் முடித்துவிடும். இதை மந்தப் பிள்ளையின் வழி என்று சொல்பவர்கள் ஒருமுறை கட்டம் போடாமல், எக்ஸும் வைக்காமல் செய்து பார்க்கலாம்.

‘விகிதமெல்லாம் சின்னப் பிள்ளைக்கு ஏறாது’ என்பது அடுத்த வாதம். பாடநூலில் விகிதம் என்ற தலைப்பு நடுநிலைப் பள்ளியில்தான் வருகிறது, உண்மை. ஆனால் கடற்கரைப் பிள்ளைக்கு அது அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஒரு பைபர் படகு 9,600 ரூபாய்க்கு மீன் விற்றது என்று வைத்துக்கொள்வோம். டீசல், ஐஸ் செலவு 2,400 போக 7,200. ஆள் நான்கு பேருக்கு ஆளுக்கொரு பங்கு, படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. ஆறு பங்கு, பங்குக்கு 1,200. படகும் வலையும் தன்னுடையதாக வைத்துக்கொண்டு தானும் கடலுக்குப் போகிறவருக்கு மூன்று பங்கு, 3,600. பங்கு பிரிக்கும் முறை ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். மாறாதது, செலவை முதலில் கழித்துவிட்டுத்தான் பங்கு வைக்க வேண்டும் என்ற ஒழுங்கு. வாசகக் கணக்கில் பிள்ளைகள் தடுமாறும் இடமும் இதே வரிசைதான்.

இப்படிப்பட்ட அறிவு பள்ளிக் கதவைத் தாண்டி உள்ளே வருவதில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. 1985இல் வெளியான ஆய்வுக்காக, பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர் ஐந்து பேரை மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களை வாசகக் கணக்காகக் கொடுத்தபோது 74. கதையே இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37. சோதித்தது ஐந்தே பேரைத்தான். ஆனால் 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தது. கடையில் மனக்கணக்காகப் பல படி தாண்டியவர்கள் தாளில் கொடுத்த எளிய கணக்கில் விழுந்தார்கள். தாளில் தேறிய பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். இரண்டு கரைக்கும் நடுவே பாலம் இல்லை.

‘முதலில் வகுத்தல் வரட்டும், வாசகக் கணக்கு பிறகு’ என்பவர்களுக்கும் ரெசிஃபே பதில் சொல்கிறது. கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் செய்யத் தெரிந்தவர்கள் 30.7 விழுக்காடு என்று 2024ஆம் ஆண்டின் ‘ஏசர்’ அறிக்கை கணக்கிட்டது. இதைக் காட்டியே வாசகக் கணக்கைத் தள்ளிப் போடுகிறார்கள். கதையோடு வந்த கணக்கு ரெசிஃபே சிறுவர்களுக்கு எளிதாக இருந்தது, கதையை உரித்ததும்தான் கடினமானது. பங்கு பிரிப்பதைக் கட்டமாக வரைந்து பார்த்த பிள்ளைக்கு வகுத்தல் எதற்கு என்று தெரியும். அதன்பின் வகுக்கும் முறையைக் கற்பிப்பது சுலபம்.

கட்டம் எவ்வளவு பெரிய விஷயத்தைக் காட்டும் என்பதற்கு டெல்டாவின் வரலாறே இடம் தருகிறது. காரைக்கால் எல்லைக்கு அந்தப் பக்கம், அன்றைய தஞ்சை மாவட்டத்தில், 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் விளைச்சலில் 40 விழுக்காட்டைக் குத்தகைதாரருக்கு என்று வைத்தது. 1956இல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் அதைத் திருப்பிப் போட்டது: நன்செயில் நில உடைமையாளருக்கு 40, சாகுபடி செய்தவருக்கு 60. இருபது விழுக்காடு கைமாறியது, அவ்வளவுதானே என்று சூத்திரக்காரர் சொல்வார். ஐந்து கட்டம் வரைந்து பாருங்கள். சாகுபடிதாரரிடம் இரண்டு இருந்தது மூன்றானது. அவர் வரும்படி பாதிக்குப் பாதி கூடியது. உடைமையாளரிடம் மூன்று இருந்தது இரண்டானது. அவர் இழந்தது மூன்றில் ஒன்று. நகர்ந்தது ஒரே கட்டம். ஒருவருக்கு அது பாதி, மற்றவருக்கு மூன்றில் ஒன்று. களத்துமேட்டுச் சண்டைகளின் சூடு எங்கிருந்து வந்தது என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதில் புரியும்.

இந்தக் கட்டமுறை ஏதோ புதுக் குரங்குச் சேட்டை என்று நினைப்பவர்களும் உண்டு. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில், கோ டெக் ஹோங் தலைமையிலான பாடத்திட்டக் குழு 1980களின் தொடக்கத்தில் இதைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. பொருளாகத் தொட்டு, படமாகப் பார்த்து, பிறகு குறியீடாக எழுது என்பது ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் 1960களில் முன்வைத்த வரிசை. அதன் நடுப்படிதான் இந்தப் பட்டை. 1995 முதல் நடக்கும் உலகக் கணித மதிப்பீட்டில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறார்கள், 2023இலும் முதலிடம். எல்லாப் புகழும் பட்டைக்கே என்று சொன்னால் அது பொய். ஆசிரியர் பயிற்சி, பாடநூல், பணம், டியூஷன் எல்லாம் சேர்ந்தது அது. ஆனால் படம் வரைவது பிள்ளையை மந்தமாக்கும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கட்டமும் மந்திரமாகக் கெட்டுப்போகும், சந்தேகமில்லை. 2021இல் சிங்கப்பூர் ஆறாம் வகுப்பு இறுதித் தேர்வில் வந்த ஒரு நாணயக் கணக்கு பெற்றோரைக் கொதிக்க வைத்தது. ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள். 50 காசு, 20 காசு என இரண்டே வகை. ஹெலனிடம் 20 காசு 64, ஐவனிடம் 104. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு? மொத்தம் எத்தனை நாணயம் என்றே சொல்லவில்லையே என்று புலம்பல். அது தேவையே இல்லை. ஐவனிடம் 20 காசு நாணயம் 40 கூடுதல், அதனால் 50 காசு 40 குறைவு. ஒவ்வொன்றுக்கும் 30 காசு வித்தியாசம். ஹெலனிடம் 12 வெள்ளி (டாலர்) அதிகம். பட்டையை உருப்போட்டவர்களும் இதில் மாட்டிக்கொள்வார்கள். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்கப் பழகியவர்களுக்கு இது மத்திக் கூடைக் கணக்கின் அக்கா.

‘விடை சரியாக வந்தால் போதாதா, எப்படிச் செய்தால் என்ன?’ காரைக்காலில் இதைக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு கதை ஊரிலேயே இருக்கிறது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா கொண்டாடும் ஊர் இது. காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பியது இரண்டு மாங்கனி, சாப்பாட்டில் அவனுக்குக் கிடைத்ததும் இரண்டு. கணக்கு நேராக இருந்தது. ஆனால் ஒன்று அடியாருக்குப் போய், வேறொன்று வந்து சேர்ந்திருந்தது. ருசி வேறாக இருக்கவே ‘இது எங்கே கிடைத்தது?’ என்று அவன் கேட்டான். அதன்பிறகுதான் நடந்தது வெளிவந்தது. சரியான விடைக்கு டிக் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்கும் திருத்தலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

இன்னொரு சாக்கு மரபு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்துதானே முன்னோர் கணக்குப் போட்டார்கள் என்பார்கள். செய்தார்கள். ஆனால் அது எதற்கான மனப்பாடம்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய வரலாற்றாளர் த. செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நெல் அளப்பது, நிலம் அளப்பது, கூலி பிரிப்பது என்று ஊரின் தொழில்களோடு ஒட்டியிருந்த எண்ணறிவு அது. நில அளவுகளான மாவும் குழியும் அந்தப் பிள்ளைக்குக் கண்ணால் கண்ட வயல். இன்றைய ‘மொத்தம் என்றால் கூட்டு’ எந்த வயலையும் பார்த்ததில்லை. அதை மரபின் வாரிசு என்று சொல்வது மரபுக்குச் செய்யும் அவமதிப்பு.

காரைக்கால் அரசுப் பள்ளிகளை நடத்தும் புதுச்சேரி பள்ளிக் கல்வித் துறைக்குப் பெரிய செலவு வைக்காத வேலைகள் சில உண்டு. வாரம் ஒரு நாள் கேள்வியை மறைத்துவிட்டு வாசகத்தை மட்டும் கொடுத்து, இதிலிருந்து என்னென்ன கேட்கலாம் என்று பிள்ளைகளைச் சொல்லவிடலாம். இன்னொரு நாள் எண்களை மறைத்துவிட்டு வரையச் சொல்லலாம். எண் இல்லாதபோது கூட்டிப் பார்க்க முடியாது, யோசித்தே தீர வேண்டும். பருவத் தேர்வில் விடையே இல்லாத ஒரு கணக்கு வைத்து, ‘இதைச் செய்ய முடியாது, ஏனென்றால்…’ என்று எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண் தரலாம். நேரம் போதாது என்ற புகாருக்கு வழி, பயிற்சிக்குப் பத்துக் கணக்கு கொடுக்கும் இடத்தில் மூன்று கொடுப்பது. இவற்றில் எதுவும் முடியாவிட்டாலும், அடுத்த ஐந்தாம் வகுப்பு வினாத்தாளில் வாசகக் கணக்கு ஒவ்வொன்றின் கீழும் நான்கு விரற்கடை வெற்றிடம் விட்டு, அதில் வரைந்ததற்கு இரண்டு மதிப்பெண் என்று அச்சிட்டுவிடலாம். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே டியூஷன்காரர்களும் மறுநாளே வந்துவிடுவார்கள்.