குண்டை எண்ணுகிறவர்கள்

"அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஆய்வு அமைப்பில் வேலை" என்று யாராவது சொன்னால் போதும், "அறிக்கை எழுதினா குண்டு குறைஞ்சிடுமா?" என்று நக்கலடிக்க ஒரு கூட்டம் ரெடி.

குறையாதுதான். ஆனால் எத்தனை இருக்கிறது என்றே தெரியாமல் எப்படிக் குறைப்பது சாமி?

அணுச் சோதனைத் தடையை நம்பகமாகச் சரிபார்க்க முடியாது என்று ரீகன் அரசு சாதித்துக்கொண்டிருந்தது. 1986ல் என்.ஆர்.டி.சி. என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு, சோவியத் அறிவியல் கழகத்தோடு பேசி, செமிபலாடின்ஸ்க் சோதனைத் தளத்துக்கு அருகே நிலநடுக்கமானிகளைக் கொண்டுபோய் வைத்தது. முடியாது என்றதைச் செய்து காட்டியது ஒரு அரசு அல்ல!

2021ல் சீனாவின் யூமென் பாலைவனத்தில் 100க்கும் மேற்பட்ட ஏவுகணைக் குழிகள் தோண்டப்படுவதை வெளியே சொன்னவர்கள், கலிபோர்னியாவின் மிடில்பரி நிறுவன ஆய்வாளர்கள். கையில் இருந்தது தனியார் செயற்கைக்கோள் படங்கள், அவ்வளவுதான்.

அதே 2021ல்தான், இந்தத் துறைக்குப் பெருமளவு நிதி தந்துவந்த மெக்ஆர்தர் அறக்கட்டளை விலகுவதாக அறிவித்தது. 2023ல் ரஷ்யா 'நியூ ஸ்டார்ட்' உடன்பாட்டில் பங்கேற்பதை நிறுத்தி வைத்தது. ரஷ்யா, அமெரிக்கா இரண்டுமே கணக்குக் கொடுப்பதை நிறுத்தின.

அரசுகள் கணக்கை மூடும் நேரத்தில், வெளியே நின்று எண்ணுகிறவனின் சம்பளத்தையும் வெட்டினால் மிஞ்சுவது என்ன? அரசு சொல்வது மட்டும்தான். அதை அப்படியே நம்பத் தயாரா? நக்கலடிப்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.