ஆறு மணி ஷிப்டும் தைப் பனியும்

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூர் சிப்காட்டுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட் போகிறவர் சூரியனைப் பார்க்காமலே கேட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். ஜனவரி நடுவில் இங்கே பொழுது விடிய 6.45 ஆகிவிடும். ஏழெட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருபவர் ஐந்து மணிக்கே, காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் 1884 ஜனவரி 13 அன்று வெப்பநிலை 7.8 டிகிரிக்கு இறங்கியது பதிவாகியிருக்கிறது. அவ்வளவு கடுங்குளிர் எப்போதாவதுதான். ஆனால் சைக்கிளில் போகிறவருக்கு எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்கிறது. விரல்கள் விறைத்துப்போகும், பிரேக்கைப் பிடிக்க மடங்காது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னது இந்த நேரத்தில் வெளியே கிளம்பியவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

குளிரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பனிமூட்டம்தான் உயிரோடு விளையாடுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, ஏரியோரமும் வயலோரமும் ஈரக்காற்று மூட்டமாகத் திரள்கிறது. அது மிக அடர்த்தியாக இருப்பது விடியலை ஒட்டிய நேரத்தில், அதாவது ஷிப்ட் மாறும் அதே நேரத்தில். தேசிய நெடுஞ்சாலை 44-இல் வரும் லாரி ஓட்டுநருக்கு, விளக்கில்லாத சைக்கிள் கண்ணில் படும்போது பிரேக் போட இடமிருக்காது.

பெரிய தொழிற்சாலைகளின் நிரந்தரத் தொழிலாளிக்கு கம்பெனி பஸ் உண்டு. மிதித்து வருபவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள், கேன்டீனில் வேலை செய்பவர்கள், காவலாளிகள், ரோஜா பசுமைக்குடில்களில் பூப்பறிக்கப் போகிறவர்கள். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது இதே ஓசூரிலிருந்துதான். அதன் பிறகு வசதி வந்தவர்கள் மிதிப்பதை விட்டார்கள், சாலைகளும் அவர்களுக்காகவே அகலமாயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளில் இருந்த இந்தியர்களில் 100-க்கு 13 பேர் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கென்று இங்கே ஒரு தார் ஓரம்கூட ஒதுக்கப்படவில்லை.

தெற்கே அஞ்செட்டியைத் தாண்டி, ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் நாட்றாம்பாளையம் பக்கம் போனால் சங்கதி வேறு. ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகள் வரை ராகியைத் தேடி வருகின்றன. சைக்கிள் சத்தமில்லாமல் போகும் வண்டி. மூட்டத்துக்குள் அது யானைக்கு மிக அருகில் போய்ச் சேரும்வரை இரண்டு தரப்புக்குமே தெரியாது. மோட்டார் சத்தமாவது முன்கூட்டி எச்சரிக்கும்.

குளிருக்குப் பயந்து உலகம் சைக்கிளை விட்டுவிடவில்லை. பின்லாந்தின் ஓலு நகரத்தில் உறைபனியிலும் மக்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். குளிர்கால சைக்கிள் பயணத்துக்கான முதல் சர்வதேச மாநாடு 2013-இல் நடந்ததும் அங்கேதான். அந்த ஊர்க்காரர்கள் நம்மைவிட உடல் வலுவுள்ளவர்கள் என்பதால் இது நடக்கவில்லை. சைக்கிள் பாதைக்கு விளக்கு போட்டு, பனியையும் வழித்துவிடுவதை நகர நிர்வாகம் தன் அன்றாட வேலையாக வைத்திருக்கிறது.

தமிழகத்துக்கும் இது எட்டாத காரியமல்ல. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் இன்று பிளஸ் 1 மாணவ மாணவியர் வரை விரிந்திருக்கிறது. அந்த சைக்கிளோடு முன்விளக்கு ஒன்றும் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால் ஆகும் செலவு அரசுக்குப் பெரிதாக இருக்காது. யானைக்கும் முன்மாதிரி உண்டு. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள், செல்பேசியிலிருந்தே சிவப்பு விளக்கை எரியவிட்டு எச்சரிக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை உருவாக்கிய ஆனந்த குமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. அப்படிப்பட்ட விளக்குகளை அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைச் சாலைகளில் நிறுத்த வனத்துறை இன்னும் ஏன் தயங்க வேண்டும்?

தொழிற்சாலைகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதங்களுக்கு மட்டும் ஆறு மணி ஷிப்டை ஏழு மணிக்குத் தள்ளிவைக்க வேண்டும். அல்லது ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கம்பெனி பஸ்ஸில் ஓர் இருக்கை கொடுக்க வேண்டும்.