திரையில் தெரியாத கசிவு

நகர எரிவாயு விநியோகத்தை ‘டிஜிட்டல்மயமாக்குவது’ குறித்து ஆட்சியாளர்களும் எரிவாயு நிறுவனங்களும் ஓயாது முழங்கி வருகின்றனர். அழுத்தத்தைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா, குழாய்த்தடங்களைக் காட்டும் ஜிஐஎஸ் வரைபடம், ஸ்மார்ட் மீட்டர் ஆகியவை வந்துவிட்டால் பாதுகாப்பும் தானாக வந்துவிடும் என்பது அவர்களது வாதம். தொழில்நுட்பத்திற்கு நாம் எதிரிகள் அல்லர். அது எதற்காக, யாருடைய நலனுக்காக என்பதே நமது கேள்வி.

2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் பெருங்குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். ஈரம் நீக்கப்படாத வாயு செலுத்தப்பட்டதால் குழாய் உள்ளுக்குள் அரித்திருந்தது. கசிவைப் பற்றி ஊர் மக்கள் முன்பே முறையிட்டிருந்தனர். அங்கே குறைவாக இருந்தது தகவல் அல்ல. தகவலை மதித்துச் செலவு செய்யும் மனம்தான். பொதுத்துறையிலேயே இலாபக் கணக்கு மேலோங்கினால் விளைவு இதுவென்றால், தனியாரிடம் நகரங்களை ஒப்படைத்தால் என்னவாகும்?

நகரத் தெருக்களின் பாலிஎத்திலீன் குழாய்களில் வாயு பொதுவாக 4 பார் வரையிலான அழுத்தத்தில் ஓடுகிறது. அடுப்பை அடையும்போது அது வெறும் 21 மில்லிபார். ஒரு சந்தில் ஏற்படும் சிறு கசிவு, கட்டுப்பாட்டு அறையின் திரையில் அசைவைக்கூட ஏற்படுத்தாது. அதைக் கண்டுபிடிப்பது வாயுவில் கலந்த மெர்காப்டனின் நாற்றமும், கருவியுடன் தெருத்தெருவாக நடக்கும் தொழிலாளியுமே. பள்ளம் மூடப்படும் முன் ஆழத்தையும் தடத்தையும் எவரும் அளக்காவிட்டால் ஜிஐஎஸ் வரைபடம் வெறும் கோடு. அடுத்த ஜேசிபி அதன்மீதே இறங்கும்.

ஆனால் அளக்க வேண்டியவர், நடக்க வேண்டியவர் யார்? துணை ஒப்பந்தத்தின் அடித்தட்டில், பணிப் பாதுகாப்பின்றி உழலும் தொழிலாளி! அவரைக் குறைப்பதற்கே திரை சாக்காகிறது. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளோ, குழாய் வலைப்பின்னலுக்கு 25 ஆண்டு தனியுரிமை வழங்குகின்றன. போட்டியும் இல்லை, பொதுக் கட்டுப்பாடும் இல்லை. முன்பணம் தீர்ந்ததும் ஏழையின் அடுப்பை அணைக்கும் மீட்டருக்கு முதலீடு கிடைக்கும். கசிவைத் தேடும் கால்களுக்குக் கிடைக்காது!

எனவே, ரோந்து, பராமரிப்புப் பணிகளில் உள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குக! கசிவுப் புகார்களையும் எடுத்த நடவடிக்கைகளையும் மக்கள் பார்வைக்கு வெளியிடுக! குழாய் வரைபடங்களை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்திடுக! பாதுகாப்புத் தணிக்கையில் தொழிற்சங்கங்களுக்கும் இடமளித்திடுக! இவை நிறைவேறாத வரை நவீனமாவது கட்டணம் வசூலிக்கும் முறை மட்டுமே. மக்களின் பாதுகாப்பு அல்ல.