ரணஜன்னி: பெரியவர்களுக்கும் வேண்டும் தடுப்பூசிக் கணக்கு

“டி.டி. எப்ப போட்டீங்க ஐயா?” மண்வெட்டி பட்டுப் பிளந்த பாதத்தைக் கழுவியபடியே செவிலியர் கேட்கிறார். “முன்ன போட்டிருக்கேம்மா, எப்பன்னு ஞாபகம் இல்ல” என்கிறார் அறுபதைக் கடந்த விவசாயி. மறுநிமிடம் கையில் ஊசி இறங்குகிறது. புறநோயாளிச் சீட்டில் ஒரு வரி எழுதப்படுகிறது. சீட்டு சில நாள்களில் தொலைந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது இது. செவிலியர் கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்லும் ஏற்பாடுதான் நம்மிடம் இல்லை.

குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை உண்டு, கர்ப்பிணிக்கும் உண்டு. 16 வயதைத் தாண்டிய ஆணுக்கும், பிள்ளைப்பேற்றுக் காலம் கடந்த பெண்ணுக்கும் அப்படி எதுவும் இல்லை.

ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். துருப்பிடித்த ஆணிதான் ஆபத்து என்பது தவறான நம்பிக்கை. கருவேல முள் போதும். கிருமி சுரக்கும் நஞ்சு நரம்பைப் பற்றிக்கொண்டுவிட்டால் அதை விடுவிக்க மருந்து கிடையாது. பெரும்பாலும் 3 முதல் 21 நாள்களுக்குள் தாடை இறுகும்; பிறகு உடல் வில்லாக வளையும். நினைவு தப்பாமலேயே நோயாளி அத்தனை வேதனையையும் அனுபவிப்பார். பிழைத்து எழுந்தாலும் எதிர்ப்பாற்றல் வராது. உயிரைப் பறிக்கும் அளவு நஞ்சுகூட அதைத் தூண்டப் போதாது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயும் அல்ல இது. ஆகவே ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாதவருக்கு அதனால் பயனில்லை.

தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2015இல் உறுதிசெய்தது. கர்ப்பிணிகளுக்கான ஊசியும் தூய்மையான பிரசவமும் தந்த பெரும் வெற்றி அது. ஆனால், கிருமி மண்ணைவிட்டுப் போய்விடவில்லை. நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் தொடங்கியது, 1985இல்தான் விரிவடைந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அடிப்படைத் தவணைகளே கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பின்னாளில் கர்ப்ப காலம் ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. ஆண்களுக்கு அதுவும் இல்லை. சர்க்கரை நோயும் ஆறாத கால்புண்ணும் வாட்டுவது இந்த வயதினரைத்தான்.

காயம் பட்டதும் போடும் ஒற்றை ஊசி, ஏற்கெனவே தவணைகளை முடித்தவரின் உடலுக்கு ஒரு நினைவூட்டல். ஒருபோதும் போடாதவருக்கு அது தாமதமாக வரும் உதவி. அழுக்கேறிய ஆழமான காயம் என்றால் அவருக்கு உடனடியாக இம்யூனோகுளோபுலின் எனும் ஆயத்த எதிர்ப்பொருளும் வேண்டும். நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணையும், அதிலிருந்து ஆறு மாதமாவது கழித்து மூன்றாம் தவணையும் வேண்டும். அந்த விவசாயியைத் திரும்ப வரச்சொல்லி யாரும் அழைப்பதில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோரை ரணஜன்னி தாக்கியது, பெரும்பாலோர் பெரியவர்கள். புயலும் வெள்ளமும் ஓயாத நம் கடலோரத்துக்கு இது நேரடியான எச்சரிக்கை.

இன்னொரு பக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி வேண்டும் என்று நம்பி, கீறல் பட்டாலே போட்டுக்கொள்பவர்களும் உண்டு. தவணைகளை முறையாக முடித்தவருக்குச் சிறிய, சுத்தமான காயம் என்றால் பத்து ஆண்டுகளுக்குள்ளும், அழுக்கான காயம் என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் மறு ஊசி தேவையில்லை. அளவுக்கு மீறினால் கை வீங்கி வலிப்பதுதான் மிச்சம். கணக்கு இல்லாததால், வேண்டாதவருக்கு ஊசி கூடுகிறது, வேண்டியவருக்குக் குறைகிறது.

அமெரிக்கா பத்தாண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி போடச் சொல்கிறது. குழந்தைப் பருவம் முதல் வளரிளம் பருவம் வரை ஆறு தவணை முடித்தவர்களுக்கு அது தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்த விவாதம் நடக்கட்டும். முதல் தவணையையே பெறாதவர்களைத் தேடிப் பிடிப்பதே நமக்கு முதல் வேலை.

அதற்குப் புதிய கட்டமைப்பு வேண்டாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை நோயாளிகளின் வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. அதே பட்டியலைக் கொண்டு தடுப்பூசி விவரத்தைக் கேட்டுப் பதியலாம். விவரம் இல்லாதவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைத்து மூன்று தவணையையும் முடிக்கலாம். பெரியவர்களின் தவணைகளைக் கைப்பேசி எண்ணோடு சேர்த்துக் கணக்கு வைக்க முடியும் என்பதைக் கரோனா காலத்தில் கோவின் தளம் நிரூபித்தது. விவசாயிகள், துப்புரவுப் பணியாளர்கள், கட்டடத் தொழிலாளர்களிடமிருந்து தொடங்கலாம். ஊசியோ மலிவானது, நோய் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடக்க நேரும். தடுக்கக்கூடிய ஒரு மரணத்தை ஏழை உழைப்பாளியின் விதி என்று விட்டுவிட அரசுக்கு உரிமை இல்லை.