குதிரைக்கு எத்தனை கால்?

நாமக்கல் பக்கம் எருமப்பட்டியிலிருந்து அப்பா வந்திருந்தார். மெரினா, வண்டலூர் எல்லாம் முடிந்துவிட்டதால், 'நம்ம ரசனையையும் கொஞ்சம் காட்டுவோமே' என்று ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே 2009-ல் திறந்த நவீன ஓவிய மியூஸியம் இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு கருங்கல் சிற்பத்தைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கல்லுடா. ஆட்டாங்கல் அடிச்சிருந்தா ரெண்டு வரும்."

நான் யாரோ மாதிரி நாலடி தள்ளி நடந்தேன்.

உள்ளே கே.சி.எஸ். பணிக்கர் ஓவியம். கட்டங்கள், குறிகள், படிக்க வராத எழுத்துகள். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அப்பா, "ஜாதகக் கட்டமாட்ட இருக்குது" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் படித்தால், பணிக்கர் ஜாதகக் கட்டங்களைத்தான் ஓவியத்துக்குள் கொண்டுவந்தாராம்! அசடு வழிந்தது.

"இவிங்க சோத்துக்கு என்ன பண்ணாங்க?"

"பணிக்கர் ஓவியக் கல்லூரி பிரின்ஸிபால்ங்கப்பா. சிஷ்யப் பசங்க பத்திக் துணி போட்டு வித்தாங்க. அந்தக் காசுல நிலம் வாங்கி, 1966-ல இந்த ஊரையே உண்டாக்கிட்டாங்க."

அப்பா பேசவில்லை. ஆறாம் வகுப்பில் நான் வீட்டுச் சுவரில் கரியால் குதிரை வரைந்தபோது, 'படம் சோறு போடுமா?' என்று வேப்பங்குச்சியால் விளாசியவர். நான் இன்று ஆபீஸில் கம்ப்யூட்டர் கட்டங்களை நிரப்புகிறேன்.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்: "கண்ணு, அந்தக் குதிரைக்கு நாலு காலும் சரியாத்தானே இருந்துச்சு?"

"இல்லீங்கப்பா, மூணுதான். நாலாவது போடறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."