பால்கனி ஒழுகுதா? 5 வருஷம் முடியறதுக்குள்ள எழுதிக் கொடுங்க!

செங்கல்பட்டு: 2022 டிசம்பரில் மாமல்லபுரம் பக்கம் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. 2023-ல் மிக்ஜாம் மழை, 2024-ல் பெஞ்சல். ஒவ்வொரு மழை விட்டதும் அடுக்குமாடி வீடுகளில் ஒரே பஞ்சாயத்து: மேல் வீட்டு பால்கனி தண்ணி, கீழ் வீட்டு சீலிங்கில்!

வெயிலில் டைல்ஸ் விரிந்து, இரவில் சுருங்கி, இணைப்புகள் விட்டுப் போகும். ஐப்பசி மழை அதில் இறங்கும். தளத்தில் வாட்டம் சரியில்லாமல் தண்ணி தேங்கினால் கேட்கவே வேண்டாம். கடலோரத்தில் உப்புக் காற்று வேறு. ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, காங்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளிவிடும்.

கீழே சீலிங்கில் பெயிண்ட் அடிப்பது வெறும் கண்துடைப்பு. மேலே டைல்சை எடுத்து, வாட்டம் சரிசெய்து, சுவரிலும் கொஞ்சம் ஏற்றி வாட்டர் புரூபிங் கோட்டிங் அடிக்கணும். மறுபடி டைல்ஸ் ஒட்டும் முன் ஒருநாள் தண்ணி கட்டிப் பார்க்கணும். வெயில் படும் கோட்டிங் சில வருஷத்தில் வெடித்துவிடும், திரும்ப அடித்தே ஆகணும்.

செலவு யாருடையது? இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால் பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். போனில் சொன்னால் 'பார்க்கலாம் சார்' என்பதோடு சரி. எழுத்தில், போட்டோவோடு கொடுங்கள். கெடு தாண்டினால் மேல் வீடும் கீழ் வீடும் அசோசியேஷனில் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

புரட்டாசியிலேயே பால்கனி தண்ணீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிடுங்கள். அதற்கு பில்டர் வரமாட்டார்.