வாலில்லாத வாணம்

சென்ற மாதம் என் மைத்துனர் பிள்ளை அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். பெட்டியின் மேலே செக்கச்செவேலென்று ஒரு ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேகத்தைப் பிளந்து போகும் படம். திறந்து பார்த்தால் ஒரு முழத்துக்கும் குறைவான அட்டைக் குழல், பிளாஸ்டிக் மூக்கு ஒன்று, பால்சா என்னும் மிக இலேசான மரத்தில் மெல்லிய பலகை, கைக்குட்டை அளவில் ஒரு பாரசூட், கொஞ்சம் நூல். இவ்வளவுதான். நெருப்பைக் கக்க வேண்டிய மோட்டார் மட்டும் இல்லை. வெடிமருந்து அடைத்த பொருளைத் தபாலில் அனுப்ப முடியாதல்லவா? "மாப்பிள்ளை வராத கல்யாணம்" என்றாள் என் சகதர்மிணி.

நாகரசம்பட்டியில் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுப்பது என் ஜீவனம். ஆகையால் பெட்டியை வகுப்புக்கு எடுத்துப் போனேன். நாலு நாள் மாலை வேளையில் வகுப்பறை தச்சுப்பட்டறையாகிவிட்டது. குழலின் அடியில் மூன்று சிறகுகளை ஒட்ட வேண்டும். முதல் சிறகு கை பட்டதுமே முறிந்தது. மரத்தின் ரேகை சிறகின் முன் விளிம்போடு ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் நிற்காது என்று அச்சிட்ட தாளில் கண்டிருந்ததை நான் விளக்கத் தொடங்கினேன். அதற்குள் தச்சர் வீட்டுப் பெண் ஒருத்தி, தாளைப் பார்க்காமலே, வேறொன்றைச் சரியாக அறுத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் பிரசங்கத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

வேலை முடிந்த அன்று பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தனியே வந்தான். கையில் ஒரு சாண் இரும்புக் குழாய். "ஸார், மோட்டாரை நாமே செய்துவிடலாம்" என்றான். தீபாவளி வெடிகளைப் பிரித்து ஒரு டப்பா நிறைய மருந்து சேர்த்து வைத்திருக்கிறானாம். எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. அவனோ வெகு நிதானமாக, "திப்பு சுல்தான் இரும்புக் குழாயில்தானே விட்டார்? நம்ம ஊரும் அவர் சீமைதானே, ஸார்?" என்று கேட்டான்.

சரித்திரத்தில் பையனைக் குற்றம் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள இந்தப் பாரமகால் சீமை 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை வரையில் மைசூர் ஆட்சியில் இருந்ததுதான். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தபோது அவர்கள் கையில் வாணங்கள் இருந்தன. பிற்பாடு இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் செய்த ராக்கெட்டுகளுக்கு அவையே முன்மாதிரி. 1963-இல் அப்துல் கலாம் அமெரிக்காவில் வாலப்ஸ் ராக்கெட் தளத்துக்குப் போனபோது, அங்கே சுவரில் மைசூர்ப் படை வாணம் விடும் சித்திரம் மாட்டியிருந்ததைக் கண்டு வியந்தார். 2018-இல் கூட சிவமொக்கா ஜில்லாவில் நகரா என்னும் ஊரில் தூர்ந்த கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட வாணக் குழல்கள் கிடைத்தன.

இரும்பின் மகிமை என்ன? காகிதக் குழல் தாங்காத அழுத்தத்தை இரும்புக் குழல் தாங்கும். அழுத்தம் மிகுந்தால் உந்தும் வேகமும் மிகும், தூரமும் கூடும். ஆனால் பையன் பாதியைத்தான் படித்திருந்தான். மைசூர் வாணத்தின் மறுபாதி மூங்கில். சாண் நீளக் குழலுக்கு ஆள் உயர மூங்கிலைத் தோல் வாரால் கட்டினார்கள். காற்றாடிக்கு வால் எப்படியோ, அம்புக்கு இறகு எப்படியோ, அப்படி. வாணம் சற்றே திரும்பினால் பின்னால் நீளும் வாலைக் காற்று தள்ளி மறுபடி நேராக்கிவிடும்.

"எல்லாம் சரி ஸார், குழாய்க்கு என்ன குறை?" என்றான் பையன்.

அவனுக்கு ஒரு செருப்புக் கடைக்காரர் கதையைச் சொன்னேன். 1957 அக்டோபரில் ருஷியா ஸ்புட்னிக்கை விட்டதும் அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது. கொல்லைப்புறத்திலும் மாடியறையிலும் குழாய்க்குள் மருந்தைத் திணித்தார்கள். விரல் இழந்தவர் உண்டு, கண் இழந்தவர் உண்டு, உயிரே போனவரும் உண்டு. குழாய் வெடித்தால் அதுவே குண்டுச் சில்லுகளாகச் சிதறுகிறதே! நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் வாணவேடிக்கையில் பிரியமுள்ளவர். தம் சகோதரரின் விமானப் பொம்மை ஆசைக்காக, 1954-இலேயே காகிதக் குழலில் மருந்து அடைத்த சிறு மோட்டாரோடு ஒரு ராக்கெட் செய்திருந்தார். ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதை எடுத்து உலகத்துக்குக் கொடுத்தார். எங்கள் பெட்டி அந்த வம்சத்தில் வந்தது. அதன் விதி சுருக்கமானது: உடம்பில் உலோகம் கூடாது, மோட்டாரைத் தொழிற்சாலைதான் செய்ய வேண்டும், விடுகிறவன் தள்ளி நின்று மின்சாரத்தால் பற்றவைக்க வேண்டும். மோட்டாரின் மேல் 'ஏ8-3' என்று போட்டிருந்தால், சராசரி உந்துவிசை 8 நியூட்டன், எரிந்து முடிந்த 3 விநாடிக்குப் பின் ஒரு சிறு வெடி பாரசூட்டை வெளியே தள்ளும் என்று அர்த்தம். இத்தனை கணக்கும் தீபாவளி டப்பாவில் ஏது? நம் தேசத்திலோ உரிமம் இல்லாமல் வெடிமருந்துப் பண்டம் செய்வதை 1884-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது.

டப்பாவை வாங்கி வாளித் தண்ணீரில் கொட்டினேன். பையன் முகம் தொங்கிப்போயிற்று. சேர்த்து வைக்க அவனுக்கு இரண்டு தீபாவளி ஆகியிருந்தது.

"அந்தத் தண்ணீரையே வைத்துப் பறக்கவிடலாம்" என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதல்ல. இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் (பிளாஸ்டிக்தான், கண்ணாடி கூடவே கூடாது) மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் டியூபின் வால்வு செருகிய தக்கையால் இறுக மூடி, தலைகீழாக நிறுத்திப் பம்பால் காற்றடித்தால், ஓர் அளவுக்குமேல் தக்கை தானே கழன்றுவிடும். தண்ணீர் கீழே பாயும், பாட்டில் மேலே பாயும். வெறும் காற்று மட்டுமென்றால் இந்தப் பலம் வராது. கீழே தள்ளுவதற்குக் கனமாக ஏதாவது வேண்டும்.

சனிக்கிழமை மைதானத்தில் கூடினோம். பம்பின் குழாயை நீளமாகவே வைத்திருந்தேன். பையன் அவசரத்தில் சிறகு ஒட்டவே விடவில்லை. பாட்டில் தென்னை உயரம் ஏறியது. அப்புறம் குட்டிக்கரணம் போட்டு, எங்கள் தலைமையாசிரியர் பக்கம் திரும்பியது. அவர் அன்று காட்டிய வேகத்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

பிறகு அட்டை ராக்கெட்டை எடுத்தோம். மோட்டார் இருக்கவேண்டிய இடத்தில் அதே எடைக்குக் களிமண் வைத்து, சமமாக நிற்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்குமேல் சுழற்றினேன். மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றி வந்தது. பாட்டிலை அப்படியே சுழற்றினால் கண்டபடி புரண்டது. பையன் பேசாமல் பார்த்தான். பிறகு அவனே அட்டையில் மூன்று சிறகு வெட்டி ஒட்டி, பாட்டிலின் தலையில் களிமண் உருண்டையை அப்பினான். கனம் முன்னே, சிறகு பின்னே. மறுபடி சுழற்றினோம், இந்தத் தடவை புரளவில்லை.

ஒரு சங்கடம் பாக்கியிருந்தது. கிளம்பும் கணத்தில் வேகம் குறைவாகையால் சிறகுக்கு வேலையே இராது. அதுவரை பாட்டிலை யாராவது நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பையன் தன் இரும்புக் குழாயைத் தரையில் அறைந்து, அதற்குள் நீண்ட கம்பி ஒன்றை நிறுத்தினான். பாட்டிலின் பக்கத்தில் உறிஞ்சு குழல் ஒன்றை ஒட்டிக் கம்பியில் கோத்தான். பம்பையும் அவனே அடித்தான்.

பாட்டில் நேராகப் போயிற்று. எவ்வளவு உயரம் என்று அளக்க எங்களிடம் கருவி இல்லை. தென்னை அதற்குக் கீழே வெகு தூரத்தில் நின்றது என்று மட்டும் சொல்லலாம். இறங்கும்போது பக்கத்து மாந்தோப்பில் விழுந்தது. தோப்புக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியருகே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று எண்ணினேன். "வாத்தியாரே, இன்னொரு தடவை விடுங்க, என் பேரனைக் கூட்டியாறேன்" என்றார்.